திருக்கதவம் திறந்தவர்கள்



உலகம் நாளுக்கு நாள் மேன்மை அடைந்து வருகிறதா, தாழ்ந்து வருகிறதா என்னும் வினா மிகப் பழமையானது. கோயில் மண்டபத்தில் அமர்ந்து இளைப்பாறும் முதியவரைக் கேட்டால், "கலி முற்றிவிட்டது, அந்தக் காலம் போல் வருமா?" என்பார். அருகில் அமர்ந்திருக்கும் பேரனைக் கேட்டால், "தாத்தா காலத்து அறியாமை இப்போது இல்லை, உலகம் முன்னேறிவிட்டது" என்பான்.

முதியவர் கூற்றுக்குப் புராணங்கள் துணை நிற்கின்றன. தருமத்தை நான்கு கால்களையுடைய இடபமாக அவை உருவகிக்கும். கிருத யுகத்தில் நான்கு கால்களாலும் ஊன்றி நின்ற அவ்விடபம் யுகத்துக்கு ஒரு காலாக இழந்து, கலியுகத்தில் ஒற்றைக் காலில் தள்ளாடுகிறது என்று அவை உரைக்கின்றன. பேரன் கூற்றுக்கு அறிவியல் துணை நிற்கிறது. ஊர் ஊராக உயிர் குடித்த பெரியம்மை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய்க்கு அஞ்சி நடுங்கிய தலைமுறைகளை எண்ணிப் பார்த்தால், முன்னேற்றம் பொய் என்று எவரும் கூற இயலாது.

இவ்விரு கருத்துகளும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும், ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. தாழ்த்துவதும் காலமே, உயர்த்துவதும் காலமே என்று இரண்டுமே பொறுப்பைக் காலத்தின் மேல் ஏற்றிவிடுகின்றன. மனிதன் கரையில் நின்று ஆற்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஆகிவிடுகிறான். திருக்கோயில்களின் வரலாறு இக்கருத்தை ஏற்கிறதா என்று ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த அளவுகோல்

நாகரிகம் வளர்ந்ததா என்று அளக்கப் புகுமுன், நாகரிகம் யாது என்று தெளிதல் வேண்டும். நாகரிகம் என்றவுடன் உயர்ந்த மாளிகை, அகன்ற சாலை, விரைந்து செல்லும் ஊர்தி, பட்டம் பெற்ற கல்வி ஆகியவையே பலர் நினைவிற்கு வருகின்றன.

திருவள்ளுவர் இச்சொல்லை ஆண்ட இடம் வியப்பிற்குரியது. நகரத்தைப் பற்றியோ செல்வத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசும் அதிகாரத்தில் அவர் இதனை வைக்கவில்லை. பொருட்பாலில் கண்ணோட்டம் என்னும் 58ஆம் அதிகாரத்தின் நிறைவுக் குறளில் வைத்தார். கண்ணோட்டமாவது, பழகியவர்பால் கண் சென்றவழி நெஞ்சும் இரங்கிச் செல்லுதல். பழகியவர் நஞ்சு இடுவதைக் கண்டும் முகம் மாறாது அதனை ஏற்று அமையும் அளவிற்கு இரக்கம் முதிர்ந்த நிலையையே நாகரிகத்தை விரும்புவோரின் இயல்பாக அவர் காட்டினார்.

இந்த அளவுகோல் கையில் கிடைத்தபின், பல மயக்கங்கள் தெளிகின்றன. 20ஆம் நூற்றாண்டில் இசையிலும் தத்துவத்திலும் அறிவியலிலும் தலைசிறந்து விளங்கிய செருமனி நாட்டின் ஆட்சியே, இலட்சக்கணக்கான யூத மக்களைக் கொன்று குவித்தது. அணுவைப் பிளக்கக் கற்ற அறிவு, 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் இரோசிமா நகரின் மீது குண்டாக விழுந்தது. அறிவு வளர்ந்த அளவிற்குக் கண்ணோட்டம் வளரவில்லை.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டிய தேவையும் இல்லை. தமிழகத்துத் திருக்கோயில் வாயிலே அதற்குப் போதிய சான்றாகும்.

கல் விலகியது, மனிதர் விலகவில்லை

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில், திருச்சாத்தமங்கை என்னும் தலத்தில் வாழ்ந்த திருநீலநக்க நாயனார் வரலாறு வருகிறது. அவர் வேள்வி வளர்க்கும் அந்தணர். திருஞானசம்பந்தர் ஒருமுறை அவர் இல்லத்திற்கு எழுந்தருளினார். உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் பாணர் குலத்தினர். அவர்கள் இரவு தங்க இடம் அளிக்குமாறு பிள்ளையார் பணித்தார். திருநீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, கொட்டிலைக் காட்டவில்லை. இல்லத்தின் நடுவே, வேள்வித் தீ எரியும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் தந்தார். அப்போது அந்த வேள்வித் தீ அணையவில்லை. வலஞ்சுழித்து முன்னிலும் ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார்.

ஆதனூரில் பிறந்த திருநாளைப்போவார் வரலாறும் அந்நூலிலேயே உள்ளது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்த அப்பெருமகனார், தாம் பிறந்த குலத்தின் காரணமாகக் கோயிலுக்குள் செல்ல இயலாமல் வாயிலில் நின்றார். திருப்புன்கூரில் அவர் இறைவனை நேரே கண்டு வணங்குவதற்காக நந்தி விலகியது. கல்லால் ஆன நந்தி விலகிற்று. வழியை மறித்த மனிதர் விலகினார் என்று வரலாறு கூறவில்லை. தில்லையின் எல்லையை அடைந்தும் உள்ளே செல்ல அஞ்சி, அந்நகரை அவர் வலம் வந்துகொண்டே இருந்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

வைணவ மரபிலும் இத்தகைய வரலாறு உண்டு. காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடி வந்த திருப்பாணாழ்வாரை, உலோகசாரங்க முனிவர் தம் தோள்மீது சுமந்து திருவரங்கத்தினுள் கொண்டு சென்றார்.

இவ்வருளாளர்களின் வரலாறுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. பிறப்பால் ஒருவரை விலக்குதல் இறைவனுக்கு உவப்பன்று என்பது, இரயில் வண்டியும் மின்விளக்கும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது. அதைச் சொல்ல நவீன காலம் தேவைப்படவில்லை.

அறிந்தும் அடைத்த கதவு

அவ்வாறாயின், பின்வந்த நூற்றாண்டுகளில் என்ன நிகழ்ந்தது? பெரிய சிவாலயங்களின் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையில் திருநாளைப்போவார் கைகூப்பி நின்றார். அவருக்குத் தூபம் காட்டினர், மாலை சாத்தினர், குருபூசை நடத்தினர். அவர் குலத்தில் பிறந்த மக்களோ கோபுர வாயிலுக்கு வெளியே நின்றனர். நாயனாரின் திருமேனிக்கு உள்ளே இடம் கிடைத்தது. நாயனாரின் உறவினருக்குக் கிடைக்கவில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அச்சகமும் தந்தியும் பரவின. காலம் தானே மனிதரை நாகரிகமாக்கும் எனில், கோயில் கதவும் இவற்றோடு திறந்திருத்தல் வேண்டும்.

1897ஆம் ஆண்டு சனவரி மாதம், மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இராமேசுவரம் திருக்கோயிலில் உரையாற்றினார். ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் சிவபெருமானைக் கண்டு தொண்டு செய்வதே மெய்யான வழிபாடு என்பது அவ்வுரையின் சாரம். அவரைச் சிகாகோ செல்லத் தூண்டியவரும், திரும்பியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும், அவ்வுரையைத் தொடர்ந்து ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கியவரும் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஆவார். கல்வியும் கொடையும் மிக்க மன்னர் அவர்.

அதே ஆண்டு மே மாதம், அதே சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் வழிபடச் சென்றனர். அதனை எதிர்த்து, அக்கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தவர் அதே மன்னரே. அவ்வழக்கு கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நடந்து, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908ஆம் ஆண்டில் அங்கும் அச்சமூகத்தாருக்கு எதிராகவே தீர்ப்பு முடிந்தது.

மன்னரைக் குறை கூறுவதற்காக இது நினைவூட்டப்படவில்லை. தீயவர்கள் மட்டுமே கதவை அடைத்தனர் என்றால், தீயவர்கள் மறைந்ததும் கதவு திறந்திருக்கும். கற்றவரும் வள்ளன்மை உடையவரும் பக்தி மிகுந்தவரும்கூட, வழக்கம் என்னும் திரை கண்ணை மறைக்கும்போது, எதிரே நிற்பவரின் கண்ணீரைக் காணத் தவறுகின்றனர். அன்று உலகின் மிகப் பெரிய பேரரசின் மேல்முறையீட்டு மன்றமும் அத்திரையை விலக்கவில்லை.

மறைக்காட்டில் பாடிய பாட்டு

வேதாரணியம் எனப்படும் திருமறைக்காட்டின் தல வரலாற்றை அன்பர்கள் அறிவர். வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட தலைவாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அடியார்கள் வேறு வாயில் வழியாகச் சென்று வழிபட்டு வந்தனர். காலம் அக்கதவைத் திறக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, வேறு வழியாகச் செல்வதே ஊருக்குப் பழகிப்போயிற்று.

திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கு எழுந்தருளியபோது, இக்கதவம் திறந்து நேர் வாயில் வழியே சென்று வழிபடுதல் வேண்டும் என விரும்பினர். அப்பர் பெருமான் பதிகம் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. அவர் சோர்ந்து திரும்பவில்லை. இறைவனுக்கு இரக்கம் இல்லையோ என்று உரிமையோடு முறையிட்டுப் பாடினார். அதன் பின்னரே கதவு திறந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஆழமானது. அடைத்த கதவு பழகிப்போகும் இயல்புடையது. அது திறக்க வேண்டுமானால், பழகாத நெஞ்சினர் ஒருவர் வந்து நிற்றல் வேண்டும். திறக்காதபோதும் பாடுதல் வேண்டும்.

கதவைத் திறந்தவர்கள்

20ஆம் நூற்றாண்டில் அவ்வாறு நின்றவர்கள் பலர். திருவிதாங்கூர் நாட்டின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டில் அறப்போர் தொடங்கியது. தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் ஈ.வெ.ராமசாமி அதில் பங்கேற்றுச் சிறை சென்றார். கோயிலுக்குள் செல்வதற்கு அன்று. தெருவில் நடப்பதற்கே அத்தனை துன்பம். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1936 நவம்பர் 12ஆம் நாள், மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடங்கியிருந்த சுசீந்திரம் தாணுமாலய சுவாமி கோயிலும், கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலும் அனைவருக்கும் திறந்தன.

1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில், வழக்கறிஞர் அ.வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு ஆலயத்தினுள் சென்றார். பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய பி.கக்கன் அவர்களுள் ஒருவர். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அதற்குத் துணை நின்றார். முத்துராமலிங்கத் தேவர் பாதுகாவலாக நின்றார். அன்று உள்ளே சென்றோர் கேட்டது அன்னையின் தரிசனம் ஒன்றே.

அதன் பின்னர் எல்லாம் எளிதாக நிகழ்ந்துவிடவில்லை. பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். எதிர்ப்பாளர்கள் தனியே ஒரு வழிபாட்டு இடம் அமைத்துக்கொண்டனர். எனினும் திறந்த கதவு மீண்டும் அடைபடவில்லை. இராஜாஜி தலைமையிலான அரசு அதே ஆண்டில் ஆலயப் பிரவேசத்திற்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தைக் கொணர்ந்தது. அனைவருக்கும் திறக்கப்படாத கோயிலுக்குள் செல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்த காந்தியடிகள், 1946ஆம் ஆண்டில் மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு வந்து வழிபட்டார்.

1947ஆம் ஆண்டில், ஓமந்தூர் பி.ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசின் காலத்தில், சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, தன் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 1908இல் சட்டத்தின் பெயரால் அடைபட்ட கதவு, 42 ஆண்டுகளுக்குள் சட்டத்தின் பெயராலேயே திறந்தது.

இன்று ஒரு குழந்தை, தாயின் கைபற்றிக் கோபுர வாயிலைக் கடக்கும்போது எவரும் அதன் குலம் யாதெனக் கேட்பதில்லை. தன் பாட்டனார் அந்த வாயிலில் நிறுத்தப்பட்டார் என்பதையே அறியாமல் அக்குழந்தை உள்ளே ஓடுகிறது. இதனை முன்னேற்றம் அன்று என எவர் கூற முடியும்? ஆயினும் அது காலம் தந்த பரிசு அன்று. வாயிலில் நின்றவர்களும், சிறை சென்றவர்களும், சொந்த உறவினரின் பகையைத் தாங்கியவர்களும் ஈட்டித் தந்த பேறு.

திறந்த கதவிற்கும் காவல் வேண்டும்

ஈட்டிய பொருளைக் காவாதவன் இழப்பான் என்பது உலகியல். நாகரிகமும் அத்தகையதே. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அவ்வூர் ஆதிதிராவிட மக்கள் முதன்முறையாகச் சென்று வழிபட்டது 2023 சனவரி 30ஆம் நாள். அரசு அலுவலர்களும் காவல் துறையினரும் உடனிருக்க அவ்வழிபாடு நடந்தது. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து 75 ஆண்டுகள் கடந்துவிட்டன. மீனாட்சியம்மன் கோயில் திறந்து அன்று 83 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓர் ஊரில் விடிந்த பொழுது அடுத்த ஊரில் விடியாமல் இருந்திருக்கிறது. ஓர் அம்மன் சந்நிதிக்கு அவள் மக்கள் செல்வதற்குக் காவல் துறை உடன்வர வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், சட்டம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது விளங்கும். சட்டம் கதவின் தாழ்ப்பாளை நீக்கும். உள்ளே இருப்பவர் "வருக" என்று சொல்லும் சொல்லைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது.

திருநீலநக்கர் இல்லத்தில் எந்த அரசாணையும் இல்லை. அவர் நெஞ்சில் பிறந்த கண்ணோட்டமே வேதிகையின் அருகே இடம் தந்தது. கலியுகத்தில்தான் அதுவும் நிகழ்ந்தது. கலி என்பது அறம் செய்யாமைக்குக் காரணம் ஆகாது என்பதற்கு அதுவே சான்று. அறிவியல் யுகத்தில்தான் கமுதி வழக்கும் நடந்தது. புதிய காலம் என்பது அறத்திற்கு உறுதி ஆகாது என்பதற்கு அது சான்று.

அணையா அடுப்பு

வடலூரில் வள்ளலார் பெருமான் 1867 மே மாதம் 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வருவோர் எக்குலத்தார், எவ்வூரார் என்று வினவாமல் உணவளிப்பதே அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து வருகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் ஆட்சி நடத்திய ஓமந்தூரார், பதவி துறந்தபின் அதே வடலூரில் தங்கி, வள்ளலார் வழியில் தொண்டாற்றினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்த அடுப்பு எவ்வாறு அணையாமல் இருக்கிறது? வள்ளலார் மூட்டினார் என்பதனால் மட்டும் அன்று. ஒவ்வொரு நாளும் ஒருவர் விறகு இடுகிறார், ஒருவர் அரிசி கொணர்கிறார், ஒருவர் சமைக்கிறார், ஒருவர் பரிமாறுகிறார். ஒரே ஒரு நாள் எவரும் விறகு இடாவிட்டால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எரிந்த தீ அன்று மாலையே அணைந்துவிடும். மனித குலத்தின் நாகரிகமும் இவ்வாறே எரிந்து வருகிறது. முன்னோர் மூட்டினர் என்பது பெருமைக்குரியது. இன்று விறகு இடுபவர் யார் என்பதே வினா.

தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்பந்தியில் அமரும் அன்பர், பக்கத்து இலைக்கு உரியவர் யார் என்று ஆராயாமல், அவருக்குக் குடிநீர் வந்ததா என்று பார்த்தால் அது ஒரு விறகு. தரிசன வரிசையில் தளர்ந்து நிற்கும் மூதாட்டிக்கு வழிவிட்டால் அது ஒரு விறகு. சொந்த ஊர்க் கோயில் திருவிழாவில், தேர் எந்தத் தெருவிற்குச் செல்லாமல் திரும்புகிறது, வரி எவரிடம் வாங்காமல் விடப்படுகிறது என்பதைக் கவனித்து, ஊர்ப் பெரியவர்களிடம் பணிவாக, ஆனால் விடாமல் எடுத்துரைத்தால் அது பெரிய விறகு. அதற்கு மறுமொழி உடனே கிடைக்காது போகலாம். மறைக்காட்டிலும் முதற்பாட்டிற்குக் கதவு திறக்கவில்லை.

எனவே, உலகம் உயர்கிறதா தாழ்கிறதா என்று காலத்தைக் கேட்பதில் பயனில்லை. திருச்சுற்றை வலம் வரும்போது அறுபத்துமூவர் வரிசையில் திருநாளைப்போவார் முன் ஒரு கணம் நின்று, அவர் இன்று நேரில் வந்தால் தன் ஊரில், தன் தெருவில், தன் வீட்டில் எந்த இடம் அவருக்குக் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். திண்ணையா, கொட்டிலா, வேதிகையின் அருகா? அதற்கு நெஞ்சறியக் கிடைக்கும் விடையே அவரவர் நாகரிகத்தின் அளவு.

எல்லாத் திருக்கதவங்களும் திறந்திருக்கவும், எல்லா நெஞ்சங்களிலும் கண்ணோட்டம் நிறையவும், மறைக்காட்டு மணாளனின் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.